சத்திரக்குடி, அக்காள்மடம், தங்கச்சிமடம்... ராமேஸ்வரத்தில் ஓர் இரவு தங்க எத்தனை வாசல்கள்?

காலையில் போய்விட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று ராமேஸ்வரத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு முதல் சிக்கல், ஸ்படிகலிங்க தரிசனம். ராமநாதசுவாமி கோயிலில் அது விடியற்காலை 5 மணிக்கு. சிறிது நேரம்தான் நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் முதல்நாள் இரவே தீவுக்குள் இருந்தாக வேண்டும். மதுரையிலிருந்து நள்ளிரவில் கார் பிடித்து, தூக்கக் கலக்கத்தோடு பாம்பன் பாலத்தைத் தாண்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீரர்களை விட்டுவிடுவோம்.

இரண்டாவது சிக்கல், ஈரத்துணி. அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல் முடித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றுக்குக் கிணறு நின்று, வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். பிராகாரமே வழுக்கும். எல்லாம் முடியும்போது உள்ளங்கை சுருங்கிப் போயிருக்கும். அப்படியே சொட்டச் சொட்ட சுவாமி சந்நிதிக்குள் போக முடியாது; உலர்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் தரிசனம். எனவே மாற்றுத்துணி, அதை மாற்ற ஓர் இடம், பிழிந்ததைக் காயப்போட ஒரு கொடி, பாட்டிக்கு உட்கார ஒரு கட்டில் எல்லாம் வேண்டும். இந்த ஊரில் ரூம் போடுவது சொகுசுக்காக மட்டும் அல்ல, யாத்திரையிலேயே அதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

சரி, போனை எடுத்து 'ராமேஸ்வரம் ஹோட்டல்' என்று தேடினால் என்ன வருகிறது? ஹயாத் பிளேஸ் வருகிறது. யாத்ரீகர்களையே குறிவைத்துத் தொடங்கப்பட்ட தைவிக் வருகிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு, தேவஸ்தான விடுதிகள், சந்நிதித் தெருவைச் சுற்றிய லாட்ஜ்கள் என்று பட்டியல் நீள்கிறது. கொஞ்சம் கீழே இறங்கினால் 'பூட்டிக் ஸ்டே' என்ற அடைமொழியோடு சில பெயர்கள். வெள்ளைச் சுவர், மூங்கில் விளக்கு, கட்டில்மேல் அன்னப்பறவை மாதிரி மடித்த டவல். கடலைப் பார்த்த ஜன்னல் இருந்தால் வாடகை தனி.

இந்தத் தீவுக்கு இது புதுசு. ஆனால் ஊரில் புதிதாக வருகிறவரைத் தங்கவைக்கும் தொழில் புதுசே அல்ல. ரயில் டிக்கெட்டைப் பார்த்தாலே தெரியும்.

ஊர்ப்பெயரே போர்டு

மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் வரும்போது, பரமக்குடி தாண்டினால் சத்திரக்குடி. ராமநாதபுரம், உச்சிப்புளி எல்லாம் கடந்தால் மண்டபம் முகாம், அடுத்தது மண்டபம். கடலைத் தாண்டிப் பாம்பன். அங்கிருந்து சாலையில் போனால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம், அப்புறம் ராமேஸ்வரம். சத்திரம், மண்டபம், முகாம், மடம், மடம். தங்கும் இடங்களே ஊர்களாக மாறி, ஊர்கள் ஸ்டேஷன்களாகிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிறவர்களுக்கும் இதே கதைதான்: ராஜாமடம், சேதுபாவாசத்திரம்.

காரணம் எளிது. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே ஓடும் பழைய யாத்திரைக் கணக்கு அப்படி. கங்கை நீரைக் கொண்டுவந்து இங்கே அபிஷேகம் செய்ய வேண்டும். இங்கிருந்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைக்க வேண்டும். நடந்துதான் வந்தார்கள். ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. ராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள் இந்தப் பாதைக்குக் காவலர்கள் என்பதே அவர்கள் பட்டத்தின் பொருள். மடங்களுக்கும் அன்னதானத்துக்கும் அவர்கள் எழுதிவைத்த நிலக்கொடைகள் செப்பேடுகளில் இருக்கின்றன. வரலாற்று ஆய்வாளர் எஸ்.எம்.கமால் அவற்றைத் தொகுத்து 'சேதுபதி மன்னர் செப்பேடுகள்' என்று நூலாகவே கொண்டுவந்தார்.

அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற பெயர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டில் விஜய ரகுநாத சேதுபதியின் மகள்கள் இருவரையும் மணந்தவர் தண்டத்தேவர். ராமேஸ்வரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம். அவர் தீவுக்கு வரும் யாத்ரீகர்களிடம் வரி வசூலித்தார். விஷயம் மாமனார் காதுக்குப் போனது. ராமநாதரைப் பார்க்க வருகிறவனிடம் காசு பிடுங்குவது சிவத்துரோகம் என்று மருமகனுக்கு மரண தண்டனை விதித்துவிட்டார். அக்காவும் தங்கையும் கணவனோடு உயிரை விட்டார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவைதான் இரண்டு மடங்களும் என்பது செவிவழிக் கதை. இன்று தங்கச்சிமடம் என்றால் பலருக்கு மல்லிகை நாற்றுதான் ஞாபகம் வரும். இரண்டு பெண்கள் நெருப்பில் இறங்கிய கதையை ஊரின் பெயர் இவ்வளவு சாதாரணமாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

யாத்ரீகரிடம் வரி என்ற பேச்சு 300 வருடம் கழித்து வேறு வடிவத்தில் வந்தது. 2022 ஜூலை 18 முதல், நாள் வாடகை 1,000 ரூபாய்க்குள் இருக்கும் ஹோட்டல் அறைகளுக்கும் 12 சதவிகித ஜி.எஸ்.டி. அதுவரை அவற்றுக்கு விலக்கு இருந்தது. அமிர்தசரஸ் பொற்கோயிலைச் சுற்றியுள்ள சராய்கள் பிரச்னையைக் கிளப்ப, மத அறக்கட்டளைகள் தங்கள் வழிபாட்டுத் தலத்தை ஒட்டி 1,000 ரூபாய்க்குள் விடும் அறைகளுக்குப் பழைய விலக்கு தொடரும் என்று ஆகஸ்ட்டில் விளக்கம் வந்தது. மற்ற அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 சதவிகிதமாக இறங்கியது. நல்லவேளை, இந்த முறை மருமகன் யாருக்கும் ஆபத்தில்லை.

1801-ன் வசதிப் பட்டியல்

இப்போது ஒரு ஹோட்டல் பக்கத்தைத் திறந்தால் 'வசதிகள்' என்று ஒரு பகுதி இருக்கும். இலவச வைஃபை, ஏசி, பார்க்கிங், காலை உணவு. ராமேஸ்வரம் சாலையில் இருந்த சத்திரங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி. ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கும் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டியவர். நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்குப் போனபோது, சத்திரங்களை மட்டும் தன்னிடம் விட்டுவிடும்படி 1801-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார்.

வருகிறவர்களுக்குச் சமைத்த சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். இந்த விநியோகம் நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயாளி வந்தால் வைத்தியர் பார்ப்பார், குணமாகும்வரை தங்கலாம். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணி வந்து அங்கேயே பிரசவம் ஆனால், தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டியது கிடைக்கும். வழியில் யாராவது இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி ஈமச்சடங்கு. படிக்கிற பிள்ளைகளுக்கு வாத்தியார்.

அந்த மணிச்சத்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரவு பத்தரைக்கு மேல் 'கிச்சன் க்ளோஸ்டு சார்' என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது வேறு உலகம்.

ஆனால் அந்த உலகத்தை ரொம்பவும் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. சத்திரத்தில் எல்லோருக்கும் சோறு உண்டு. எல்லோருக்கும் ஒரே பந்தி கிடையாது. யார் எந்தத் திண்ணையில் படுக்கலாம், யார் சமையற்கட்டுப் பக்கம் போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் சமூகத்துக்கு ஒரு சத்திரம், மாநிலத்துக்கு ஒரு தர்மசாலை என்று ஏராளம். நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு விடுதி உண்டு. குஜராத், ராஜஸ்தானிலிருந்து வருகிறவர்களுக்கு அவரவர் மொழி பேசும் தர்மசாலைகள் உண்டு. சுத்தமாக இருக்கும், வாடகை குறைவு, சாப்பாடு வீட்டு ருசி. ஆனால் பல இடங்களில் முதல் கேள்வி, 'நீங்க எந்த ஊரு, யாரு?' என்பதுதான். பதில் பொருந்தாவிட்டால் ரூம் இல்லை.

ஸ்டார் ஹோட்டலில் ஆதார் கேட்பார்கள், கார்டு கேட்பார்கள். சாதி கேட்பதில்லை. இதை அதன் பெரிய வசதியாகவே சொல்ல வேண்டும், பட்டியலில் போடாவிட்டாலும். தனியாக வருகிற பெண்ணுக்கோ, தனியாக வருகிற முதியவருக்கோ கோயில் ஊர் லாட்ஜ்களில் 'சிங்கிளுக்கு ரூம் தர்றதில்ல' என்ற பதில் கிடைப்பது பலருக்கும் பழக்கமான அனுபவம். அவர்களுக்கும் இந்த வாசல் திறக்கிறது. என்ன, அதற்குப் பணம் வேண்டும்.

ரயில் வந்தது, சத்திரம் போனது

1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. அதுதான் போட் மெயில். மாதக்கணக்கில் நடந்த யாத்திரை ஓர் இரவாகச் சுருங்கியபோது, நாள் நடைக்கு ஒன்றாக நின்ற சத்திரங்களில் படுக்க ஆள் இல்லை. சில பள்ளிக்கூடமாயின, சில அரசு அலுவலகமாயின, பல இடிந்தன. 1988-ல் சாலைப் பாலமும் வந்ததும் பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே தூங்கிப் போகும் 'டூர்' யாத்திரை தொடங்கியது. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்று, 2025 ஏப்ரல் 6-ல் புதிய தூக்குப்பாலம் திறக்கும்வரை பயணிகள் கடலுக்கு இந்தப் பக்கமே இறங்கி பஸ் ஏறினார்கள். பழைய யாத்ரீகர்கள் தோணிக்குக் காத்திருந்ததும் இந்த மண்டபம் பக்கத்தில்தான்.

'பூட்டிக் ஹோட்டல்' என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் எங்கே இடம்? அந்தச் சொல் பிறந்தது நியூயார்க்கில். 1984-ல் அங்கே மார்கன்ஸ் என்ற சின்ன ஹோட்டலைத் திறந்த ஸ்டீவ் ரூபெல், மற்ற ஹோட்டல்களை டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றும், தன்னுடையதை பூட்டிக் என்றும் சொன்னார். எல்லோருக்கும் எல்லாம் விற்கும் கடை இல்லை. தனி ரசனையோடு பொறுக்கி வைத்த சின்னக் கடை என்று அர்த்தம். அறைகள் குறைவாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கும். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கண் விழித்ததும் தெரிய வேண்டும்.

அந்தக் கடைசி அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தப் பக்கத்தில் அதற்கு நல்ல உதாரணங்கள் கடற்கரையில் இல்லை, கொஞ்சம் உள்நாட்டில், 1985 வரை ராமநாதபுரம் மாவட்டமாகவே இருந்த செட்டிநாட்டில் இருக்கின்றன. காரைக்குடியில் 1999-ல் விருந்தினர்களுக்குத் திறந்த 'தி பங்களா'. கானாடுகாத்தானில், ஒரு தகப்பனார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய 'விசாலம்'. கொத்தமங்கலத்தில், பிரெஞ்சு கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்த 'சரத விலாஸ்'. பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை, நடுவில் வானம் பார்த்த வளவு. ஏசி போடாமலே ஏப்ரலில் கால் சில்லிடும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பர்மா வியாபாரம் போன பிறகு பூட்டிக் கிடந்த இந்த வீடுகளின் சொந்தக்காரர்கள், அதாவது நகரத்தார், வெளியூரில் கட்டியதெல்லாம் சத்திரங்கள். காசியில் அவர்களின் நகரச் சத்திரம் 1863-லிருந்து நடக்கிறது. ஊருக்கு வெளியே யாத்ரீகனுக்கு இடம் கொடுத்தவர்களின் சொந்த வீடுகளில் இன்று சுற்றுலாப் பயணி வாடகை கொடுத்துத் தங்குகிறார். அந்த வாடகை இல்லாவிட்டால் அந்தத் தேக்குத் தூண்கள் எப்போதோ விறகுக் கணக்கில் லாரி ஏறியிருக்கும், ஏறியவையும் நிறைய. சேதுப் பாதையில் இடிந்து நிற்கும் சத்திரங்களில் ஒன்றையாவது யாராவது இப்படி எடுத்து நடத்தினால் என்ன என்று தோன்றாமல் இல்லை. நள்ளிரவு மணியோடு சேர்த்து நடத்தினால் இன்னும் நல்லது.

புக்கிங் போடும் முன்

தீவுக்குள் தங்குவதென்றால் விஷயம் தெரிந்தவர்கள் பார்ப்பது போட்டோவை அல்ல, தூரத்தை. கிழக்குக் கோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அறை இருந்தால் 22 தீர்த்தம் முடிந்து ஈரத்தோடு நேரே வந்து மாற்றிக்கொள்ளலாம். அழகான ஹோட்டல்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பஸ் ஸ்டாண்ட் பக்கமோ கடலோரச் சாலையிலோ இருக்கின்றன. அதிகாலை நாலரைக்கு ஆட்டோ ஏற்பாடு செய்து தருவார்களா என்று முதல்நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். செக் இன் மதியம் 12 மணியா, அல்லது எப்போது நுழைந்தாலும் 24 மணி நேரமா? யாத்திரைக்கு இரண்டாவதுதான் சௌகரியம். சுமாரான பல லாட்ஜ்களில் அது உண்டு, பளபளப்பான பலவற்றில் கிடையாது. துணி காயப்போட இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ரிசப்ஷனில் சிரித்தால் அந்த ஹோட்டலுக்கு ஊர் இன்னும் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரையும் யோசிக்க வேண்டும். மூன்று பக்கம் அல்ல, நாலு பக்கமும் கடல். குடிநீர் காவிரித் திட்டத்தில் பாலம் தாண்டி வருகிறது. மற்றதற்கு மணலுக்குள் ஊறும் நன்னீர். அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு ஏறும். ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடும் குளியலுக்கு இந்த ஊர் ஏற்றதல்ல. அதுதான் கோயிலுக்குள் 22 இடத்தில் குளிப்பாட்டி அனுப்புகிறார்களே.

கோயிலுக்கு இல்லாமல் காற்றுக்காக வருகிற இளைஞர் கூட்டமும் இப்போது உண்டு. தீவின் இரு பக்கமும் இரண்டு கடல் என்பதால் கைட் சர்ஃபிங்குக்கு இது நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். ஓலைக் குடிசை, மணல் தரை, கடல் பார்த்த ஊஞ்சல் என்று அவர்களுக்கான தங்குமிடங்களும் வந்துவிட்டன. வாடைக்காற்றுக்கு ஒரு பக்கக் கரை, கச்சான் காற்றுக்கு மறுபக்கக் கரை என்று சீசனுக்கு ஏற்ப மாறுகிறார்கள். மீனவர்கள் காலம் காலமாக வைத்திருக்கும் அதே கணக்கு.

முகவரி: மண்டபம் முகாம்

இந்தக் கரையின் மிகப் பெரிய தங்குமிடம் எந்த ஆப்பிலும் வராது. ரயில் நிலையத்தின் பெயரிலேயே இருக்கிற மண்டபம் முகாம். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர்களைக் கப்பல் ஏற்றும் முன் நிறுத்திவைத்த இடம். நடத்தியது இலங்கை அரசு. காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று ஊசி போட்டு, துணிகளைச் சுத்திகரித்து, சில நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். அதுவும் ஒரு செக் இன்தான். எப்போது வெளியேறுவது என்பதை மட்டும் அடுத்தவர் முடிவு செய்வார்.

1983-க்குப் பிறகு அதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போரிலிருந்து தப்பி, படகில், இரவில். 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2022 மார்ச் 22-ல், பால் பவுடருக்கும் பெட்ரோலுக்கும் வழியில்லாமல் போன இலங்கையிலிருந்து கைக்குழந்தை உட்பட 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். அவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த மற்றவர்களும் தங்கவைக்கப்பட்டது இங்கேதான். ராமேஸ்வரம் போகும் ஒவ்வொரு டூரிஸ்ட் வேனும் இந்த முகாம் பக்கமாகத்தான் போகிறது. அதில் முப்பது வருடத்துக்கு மேல் 'தற்காலிகமாக' தங்கியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்தவர்கள் உண்டு.

அப்துல் கலாம் தன் சுயசரிதையில் பள்ளிவாசல் தெரு வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, தினமும் வீட்டு ஆட்களைவிட வெளியாட்களே அதிகம் அங்கே சாப்பிட்டிருப்பார்கள் என்கிறார். அப்பா ஜைனுலாப்தீன் யாத்ரீகர்களை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏற்றிச்செல்லப் படகு கட்டியவர். ஒரு புயலில் அந்தப் படகும் போனது.

தனுஷ்கோடியையே அடித்துப்போனது 1964 டிசம்பர் 22 இரவுப் புயல். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், கடைகள், யாத்ரீகர் தங்கும் தர்மசாலைகள் என்று அதுவரை ஒரு முழு ஊர். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போட்டுவிட்டார்கள். கார்கள் வரிசைகட்டிப் போகின்றன. இடிந்த தேவாலயத்துக்குமுன் செல்ஃபி எடுக்கலாம், வறுத்த மீன் சாப்பிடலாம், சங்கு வாங்கலாம். தங்க மட்டும் முடியாது. பொழுது சாயும் முன்பே போலீஸ் விசில் அடித்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும்.

கடைசி வேன் போன பிறகும் அங்கே இருப்பவர்கள், கீற்றுக் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அதை மொண்டு குடத்தில் ஊற்றி, சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் பாட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடுப்பு மூட்டுகிறார்கள்.